ஓர் அடுப்பு, இரண்டு சாப்பாடு: நெகிரி செம்பிலான் தோட்ட வீடுகளில் சைவச் சமையல்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் சைவம் என்பது பெரும்பாலும் நாள் கணக்கு. செவ்வாய், வெள்ளியில் கவுச்சி இல்லை. புரட்டாசி முழுவதும், முடியாதவர்களுக்கு அதன் சனிக்கிழமைகளில் மட்டுமாவது, மீனும் கறியும் அடுப்பேறுவதில்லை. கந்த சஷ்டிக்கு ஆறு நாள், தைப்பூசக் காவடிக்கு வேண்டிக்கொண்ட நாள்கள், ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம், வீட்டில் சாவு விழுந்தால் கருமாதி முடியும்வரை என்று சைவ நாள்கள் ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் லயம் எனப்படும் தொழிலாளர் வீட்டு வரிசை முழுவதும் மரக்கறிதான். மற்ற நாள்களில் அதே அடுப்பில் மீன் குழம்பும் கோழிப் பிரட்டலும் கொதிக்கும். இரண்டு சமையலும் பழகாத கை தோட்டத்தில் அபூர்வம்.

இந்த ஏற்பாட்டில் வீட்டார் எல்லாரும் ஒரே நாளில் சைவம், ஒரே நாளில் அசைவம். ஒருவர் மட்டும் நிரந்தரமாக மரக்கறிக்கு மாறும்போதுதான் அடுப்படியில் கணக்கு மாறுகிறது. தீட்சை பெற்ற பெரியவர், கோயிலில் பூசை செய்பவர், சாயி பஜனைக்கோ வள்ளலாரின் சன்மார்க்க வழிபாட்டுக்கோ போகத் தொடங்கிய தாய், சைவக் குடும்பத்திலிருந்து வந்த மருமகள், உயிர்க்கொலை வேண்டாம் என்று முடிவெடுத்த கல்லூரிப் பிள்ளை என்று காரணங்கள் பல. சீனக் குடும்பத்தில் சம்பந்தம் செய்த வீடுகளில், சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மரக்கறி உண்ணும் பௌத்த வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. அப்போது ஒரே மேசையில், ஒரே வேளையில், இரண்டு விதச் சாப்பாடு தேவைப்படுகிறது. அதைத் தினமும் சமைப்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு பெண்.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகளும் ஒப்பந்த முறையும் கொண்டுவந்த தமிழர்களில் பெரும்பாலோர் ஊரிலும் அசைவம் உண்டவர்களே. சைவம் தமிழ்நாட்டில் எப்போதும் சிறுபான்மைப் பழக்கம்தான்; 2014ஆம் ஆண்டில் இந்திய அரசு நடத்திய மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள் எனத் தெரியவந்தது. ஆனால், அந்த அசைவம் தினப்படிச் சாப்பாடாக இருந்ததில்லை. லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் கறி என்பது சம்பள நாள் சமாச்சாரம். ஆட்டையோ பன்றியையோ அடித்துக் கூறு போட்டுப் பங்கு பிரிப்பார்கள். இடைப்பட்ட நாள்களில் சோறு, பருப்பு, கீரை, கிழங்கு, ஒரு துண்டு கருவாடு, அவசரத்துக்கு ஒரு மத்தி டின். அசைவக் குடும்பம் என்று சொல்லிக்கொண்ட வீட்டிலும் சட்டியில் பெரும்பங்கு மரக்கறியாகவே இருந்தது. இன்று இரண்டு விதச் சாப்பாட்டுக்குத் திணறும் வீடுகளுக்கு வேண்டிய வழி இந்தப் பழைய சமையலிலேயே இருக்கிறது.

முழுச் சைவர்களும் தொடக்கத்திலிருந்தே தோட்டங்களில் இருந்தார்கள். கிராணிகள் எனப்பட்ட எழுத்தர்களிலும் மருத்துவமனை ஊழியர்களிலும் யாழ்ப்பாணத்துச் சைவ வேளாளர்களும் தமிழ்நாட்டுப் பிராமணர்களும் உண்டு. அவர்களில் உலகம் அறிந்த ஒருவர், பின்னாளில் ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887இல் பிறந்த அவர், டாக்டர் குப்புசாமியாக 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். கப்பலில் அசைவம் கலந்துவிடும் என்ற அச்சத்தில், தாயார் செய்து கொடுத்த இனிப்புப் பண்டங்களையே தின்று தண்ணீர் குடித்து வந்ததாகவும், சிங்கப்பூரில் இறங்கியபோது பாதி உயிராக இருந்ததாகவும் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அங்கிருந்து சிரம்பானுக்கு வந்து, அருகிலிருந்த ரப்பர்த் தோட்டம் ஒன்றின் மருத்துவமனையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு ஜொகூர் பாருவில் இருந்துவிட்டு 1923இல் இந்தியா திரும்பினார். சைவ உணவை வலியுறுத்திப் பின்னாளில் நிறைய எழுதிய அவர், தம் இளமையின் பத்தாண்டை மலாயாவில்தான் கழித்தார்.

தோட்டத்துத் தொழிலாளர்களிடையே சைவத்தை நோக்கிய நகர்வு வேறு வழியாக வந்தது. மாரியம்மன் கோயிலின் ஓரத்தில் முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் கிடாயும் சேவலும் வெட்டிப் படைப்பது பழைய வழிபாடு. 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்த பெரியாரின் பேச்சுகளும் அவற்றையொட்டி எழுந்த சீர்திருத்த இயக்கங்களும் உயிர்ப்பலியைக் கடுமையாகச் சாடின. 1965இல் தொடங்கிய மலேசிய இந்து சங்கம் ஆகம முறை வழிபாட்டை ஊக்குவித்துப் பலியைக் குறைக்கப் பாடுபட்டது. கடவுள் மறுப்பாளர்களும் ஆத்திகர்களும் இரண்டு திசையிலிருந்து வந்து ஒரே இடத்தில் சேர்ந்தது வியப்புதான். பலி குறைந்த கோயில்களில் பொங்கலும் கூழும் சுண்டலும் நிலைத்தன. கோயில் பந்தியில் பழகிய சைவ ருசி வீட்டுக்கும் வந்தது.

பஞ்சமும் ஒரு பாடம் நடத்தியது. ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, பர்மா அரிசி வரத்து அற்றுப்போனது. ஆண்களில் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட, தோட்டத்தில் எஞ்சிய பெண்கள் மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். கிழங்கு மட்டுமின்றி மரவள்ளிக் கொழுந்தும் கீரையானது. அதில் சயனைடைத் தரும் நச்சு இருப்பதால் நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பதும் வழக்கறிவாகப் பரவியது. அடுத்து வந்தது 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேராமல் தடுக்க அரிசி கட்டுப்பாட்டுக்குள் வந்தது. நாட்டின் சில பகுதிகளில் வீட்டில் அரிசி வைத்திருக்கவே தடை. பொது அடுக்களையில் வெந்த சோறாகக் கொடுத்தார்கள். சோறு சீக்கிரம் கெட்டுவிடும், கடத்திச் சேமிக்க முடியாது என்பது கணக்கு. சோற்றுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் லயத்தின் பின்புறக் கீரைப் பாத்திதான் குடும்பத்தைத் தாங்கியது. முருங்கை, மணித்தக்காளி, சேம்பு, பசலை, வாய்க்கால் ஓரத்துக் கங்கூங், வேலியில் வளரும் சாயூர் மானிஸ் ஆகியவை இன்றும் தோட்ட வீட்டுச் சமையலில் அதே இடத்தில் இருக்கின்றன.

சமையல் முறையைத் தீர்மானித்தது நேரம். பால் மரத்தில் பால் நன்றாக வடிவது விடியலில்தான். அப்போது மரத்தினுள் நீரழுத்தம் அதிகம், வெயிலேற ஏறக் குறைந்துவிடும். அதனால் இருள் பிரியுமுன் பெரட்டு. ஆணும் பெண்ணும் கூப்பிட்ட பெயருக்குக் குரல் கொடுத்துவிட்டு மர நிரைக்குப் போவார்கள். வீட்டில் சமைப்பவரே பால் வெட்டும் தொழிலாளியாகவும் இருந்ததால், அதற்கும் முன்பே எழுந்து, பசியாறத் தூக்குச்சட்டியில் கட்டுவதையும் மதியத்துக்கு வேண்டியதையும் முடித்துவைக்க வேண்டும். லயத்து அடுக்களையில் இருந்தது பெரும்பாலும் விறகடுப்பு. எரித்தது பட்டுப்போன ரப்பர் மரம். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் முழுதாக இரண்டு சமையல் செய்ய முடியாது. ஆகவே தோட்டத்துப் பெண்கள் கண்ட வழி, எல்லாருக்கும் பொதுவான அடித்தளத்தை மரக்கறியாகச் சமைத்து, கவுச்சியைக் கடைசியில் தனியே சேர்ப்பது. இன்று செம்பனைத் தோட்டங்களிலும், தோட்டம் கைமாறியபின் குடிபெயர்ந்த நீலாய், செனவாங் பக்கத்துத் தாமான்களிலும் 14 கிலோ எரிவாயுத் தோம்பும் அரைவை இயந்திரமும் வந்துவிட்டன. ஆனாலும் ஆலை வேலைக்கு விடிகாலைப் பேருந்து பிடிப்பவருக்கு நேரம் அன்று போலத்தான். அந்தப் பழைய முறையே இன்றும் கைகொடுக்கிறது.

புளிக்குழம்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எண்ணெயில் வெந்தயம், கடுகு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, கறித்தூளைப் புளித்தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுவதுவரை மீன் குழம்புக்கும் கத்திரிக்காய்க் குழம்புக்கும் வேறுபாடே இல்லை. (கடையில் விற்கும் மீன் கறித்தூளில் மீன் கிடையாது, மீனுக்கேற்ற மல்லி, மிளகாய், வெந்தயம், சோம்பு விகிதம்தான் அது.) அடிப்படைக் குழம்பு கொதித்ததும் பாதியை வேறு சட்டிக்கு மாற்றிவிட வேண்டும். ஒன்றில் கத்திரிக்காயும் முருங்கைக்காயும் ஊறவைத்து வேகவைத்த மொச்சையும், மற்றதில் மீன். காய் வேகக் கால்மணிக்கு மேல் ஆகும், மீனுக்குப் பத்து நிமிடம் போதும். காய்ச்சட்டியை முதலில் ஏற்றி, அது பாதி வெந்தபின் மீன்சட்டியைத் தொட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கும்.

பிரட்டலில் சற்றுக் கூடுதல் கவனம் வேண்டும். பட்டை, கிராம்பு, சோம்பு, இஞ்சி பூண்டு விழுது, வெங்காயம், மிளகாய் எல்லாம் எண்ணெய் பிரிய வதங்கிய மசாலாவைப் பாதியாகப் பிரிக்கலாம். ஆனால், கோழி தன் நீரையும் கொழுப்பையும் தானே விடும். புளித்த சோயாக் கட்டியான தெம்பேயோ சோயா உருண்டையோ எதையும் விடாது, உறிஞ்சிக்கொள்ளும். அதே அளவு மசாலாவில் போட்டால் சப்பென்று வறண்டு போகும். எனவே சைவப் பங்குக்கு மசாலாவை ஒரு கரண்டி தாராளமாக ஒதுக்கி, கொஞ்சம் தேங்காய்ப்பாலும் சேர்க்க வேண்டும். சோயா உருண்டையை உப்பிட்ட வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை பிழிந்தால் அதன் பச்சை வாடை போகும். தெம்பேயை மெல்லியதாக அரிந்து, மஞ்சளும் உப்பும் புரட்டி, முறுகலாகப் பொரித்துக் கடைசியில் போட்டால் மசாலாவில் ஊறியும் மொறுமொறுப்பு நிற்கும். சைவச் சாப்பாடு ருசிக்காது என்ற புகார் பல வீடுகளில் எழுவதற்குக் காரணம், கறிக்குக் காட்டும் இந்தப் பக்குவத்தைக் காய்க்குக் காட்டாததுதான்.

காலைப் பலகாரத்தில் பிரிவினைக்கு வேலையே இல்லை. நாசி லெமாக்கின் சோறு தேங்காய்ப்பால், இஞ்சி, பாண்டான் இலையில் வேகும் முழுச் சைவம். சம்பலை நெத்திலி போடாமல் வெங்காயமும் மிளகாயும் புளியும் கொண்டு வதக்கிவிட்டு, நெத்திலியையும் அவித்த முட்டையையும் தனித் தட்டில் வைத்தால் வேண்டியவர் எடுத்துக்கொள்வார். பீஹூன் பிரட்டும்போது சாவி கீரை, தாவ்கே முளை, பொரித்த தாவ்ஃபூ போட்டுப் பொதுவாகச் செய்து, முட்டையை ஆம்லெட்டாகத் தனியே சுட்டு மேலே போடலாம். சாம்பார், ரசம், கீரைக் கடைசல், பொரியல் ஆகியவை எப்படியும் பொது. கருவாட்டை எல்லாம் முடிந்தபின், முடிந்தால் கொல்லைப்புற அடுப்பில், கடைசியாகப் பொரிப்பது தோட்டத்தில் நெடுநாள் வழக்கம்.

வரிசை முக்கியம் என்பதை எண்ணெய்ச் சட்டி காட்டிக்கொடுத்துவிடும். ஒரே எண்ணெயில் அப்பளம், பிறகு உருளைக்கிழங்கு, பிறகு தெம்பே, கடைசியில் மீன் என்று பொரித்தால் யாருக்கும் மனக்குறை இல்லை. மீன் பொரித்த எண்ணெயில் அடுத்த நாள் அப்பளம் பொரித்தால், நாக்கு சொல்லும் முன்பே மூக்கு சொல்லிவிடும். மண்சட்டி நுண்துளைகள் கொண்டது, குழம்பின் எண்ணெயையும் வாடையையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மீன் வைத்த சட்டி எத்தனை கழுவினாலும் மீன்சட்டிதான். சைவத்துக்குத் தனிச் சட்டி வேண்டும். மர அகப்பையும் வெட்டுப்பலகையும் அப்படியே. எவர்சில்வர்ப் பாத்திரங்களைக் கழுவிப் பயன்படுத்துவதில் சுகாதாரக் குறை எதுவும் இல்லை. ஆனாலும் தோட்டத்து வீடுகளில் சைவக் கரண்டியைத் தனி ஆணியில் மாட்டி வைப்பார்கள். அது மதிப்பு சம்பந்தப்பட்டது. கரண்டி மாறியது தெரிந்தும் சொல்லாமல் பரிமாறுவது, சாப்பிடுபவரின் நம்பிக்கையை ஏமாற்றுவது. மேசையில் ஒரே கரண்டி இரண்டு குழம்புக்கும் போய்வருவதுதான் அடிக்கடி நேரும் தவறு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கரண்டி போட்டுவிட்டால் அது தீரும். குளிர்பெட்டியில் சைவம் மேல்தட்டிலும், பச்சை மீனும் கோழியும் மூடிய பாத்திரத்தில் கீழ்த்தட்டிலும் இருக்க வேண்டும். பச்சை இறைச்சியின் நீர் சமைத்த உணவில் சொட்டினால் கிருமி பரவும் என்பதால் அசைவம் மட்டுமே உண்ணும் வீட்டுக்கும் இந்த விதி பொருந்தும்.

ஊர்ச் சமையலின் செல்வாக்கையும் சொல்லாமல் விட முடியாது. சுமத்ராவிலிருந்து வந்து குடியேறிய மினாங்கபாவ் மக்களின் வழித்தோன்றல்கள் வாழும் மாநிலம் இது. பச்சை மஞ்சளும் சிலி பாடி மிளகாயும் அரைத்துத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவைக்கும் மாசாக் லெமாக், நெகிரி செம்பிலானின் அடையாளம். தமிழ் வீடுகளும் அதைச் சுவீகரித்துக்கொண்டன. பிஞ்சுப் பலாக்காய், மூங்கில் குருத்து, பூசணி, மரவள்ளிக் கொழுந்து, பாக்கு என்னும் பெரணிக் கீரை எதுவும் அதில் பொருந்தும். மஞ்சள் இலையைக் கிழித்துப் போட்டு, அசாம் கெப்பிங் ஒரு துண்டு சேர்த்து, தேங்காய்ப்பால் திரிந்துவிடாமல் மிதமான தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் சோற்றுக்கு வேறு குழம்பு வேண்டாம். பிஞ்சுப் பலாக்காயின் நார் கறியைப் போல இழை இழையாகப் பிரிவதால், அசைவம் உண்பவர்களும் இதை விரும்பித் தட்டில் போட்டுக்கொள்கிறார்கள்.

ஆனால், கடையிலோ அக்கம்பக்கத்திலோ வாங்கினால் இந்தக் குழம்பு சைவமாக இருப்பது அரிது. மலாய்ச் சமையலில் நெத்திலியும் பெலாச்சானும் உப்பைப் போல: காய்கறிப் பதார்த்தத்திலும் சம்பலிலும் கங்கூங் பிரட்டலிலும் இருக்கும். பெலாச்சான் என்பது புளிக்கவைத்து இடித்த கூனி இறால். சமைத்தபின் கண்ணுக்குத் தெரியாது. சீன உணவில் அதே இடத்தில் சிப்பிச் சாறு நிற்கும். 'மரக்கறிதானே' என்று கேட்டால் 'ஆம்' என்று பதில் வரும், ஏனென்றால் தட்டில் இருப்பது காய்தான். 'பெலாச்சான் போட்டதா, நெத்திலி போட்டதா' என்று பெயர் சொல்லிக் கேட்பதே சரி.

பெலாச்சான் தரும் ருசியை விட்டுவிட வேண்டியதில்லை. ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனாயே இக்கேடா 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த குளூட்டமேட் என்ற பொருளே அந்தத் திடமான ருசிக்கு மூலம். அது தாவரங்களிலும் உண்டு. காய்ந்த காளான் ஊறிய தண்ணீர், புளித்த சோயா விழுதான தவுச்சோ, நன்கு வதங்கிய தக்காளி, தெம்பே ஆகிய எல்லாவற்றிலும் அது நிறைய இருக்கிறது. தவுச்சோவை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பொரித்து மிளகாயோடு அரைத்தால், சைவச் சம்பலுக்கு ஒரு கனம் வந்துவிடும்.

சத்து விஷயத்தில்தான் கலப்பு வீடுகள் அதிகம் தவறுகின்றன. மற்றவர்களுக்கு மீன், கோழி. சைவருக்கு அதே தட்டில் மீனை எடுத்துவிட்ட மிச்சம், அதாவது சோறும் ரசமும் ஒரு பொரியலும். மீனோடு போன புரதத்துக்கு ஈடாக எதுவும் வருவதில்லை. நாளடைவில் சோற்றின் அளவு கூடும், சோர்வு வரும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியாவின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது மிக அதிகம். சோற்றைக் கூட்டி ஈடுகட்டும் சைவம் இந்தச் சமூகத்துக்கு ஆகாது. கால் தட்டு சோறு, கால் தட்டு புரதம், அரைத் தட்டு காய்கறியும் பழமும் என்று சுகாதார அமைச்சு சொல்லிவரும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறை சைவருக்கும் அப்படியே பொருந்தும். அந்தப் புரதக் கால்பங்கை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் கேள்வி.

பருப்பும் சோறும் ஒன்றின் குறையை ஒன்று நிரப்புபவை. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஆனால், நீர்த்த சாம்பாரில் மிதக்கும் பருப்பு போதாது. கெட்டியான பருப்புக் கடைசல், கொண்டைக்கடலைப் பிரட்டல், மொச்சைக் குழம்பு, பச்சைப்பயறுச் சுண்டல் என்று வேளைக்கு ஒரு கிண்ணமாவது வேண்டும். நூறு கிராம் தெம்பேயில் ஏறக்குறைய 19 கிராம் புரதம் இருக்கிறது. விலையும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டக்கூடியது, பாசார் மாலாமிலும் கிடைக்கிறது. சாவா தீவு மக்கள் உலகுக்குத் தந்த இந்தப் பண்டம், தமிழ்ச் சைவச் சமையலுக்கு மலாய் மண் அளித்த பெரும் கொடை. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்காது. எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் கூடுதலாக ஏறும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். தோட்டத்தில் சாப்பாட்டுக்குப் பின் தேநீர் பழகிப்போன ஒன்று, ஒரு மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும். வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. பாலும் தயிரும் போதிய அளவு எடுப்பவர்களுக்குக் கவலை குறைவு. அவற்றையும் விட்டவர்கள், குறிப்பாகக் கருவுற்ற பெண்களும் முதியவர்களும், மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும். சாயூர் மானிஸ் நல்ல கீரை, ஆனால் சமைத்தே உண்ண வேண்டும். 1990களில் தைவானில் உடல் மெலிய அதன் பச்சைச் சாற்றைக் குடித்த பலரின் நுரையீரல் மீளாப் பாதிப்புக்கு உள்ளானது.

நகரத்துக் கடைகளில் கிடைக்கும் போலி இறைச்சியும் தோட்ட வீடுகளுக்கு வந்துவிட்டது. கோதுமைப் பசையத்தையும் சோயாப் புரதத்தையும் கொண்டு இறைச்சி வடிவில் செய்யும் இந்தக் கலை சீனப் பௌத்த மடங்களில் பல நூற்றாண்டுகளாக வளர்ந்தது. கல்யாணப் பந்தியில் 'சைவ மட்டன்' பிரட்டலாக வரும்போது பிள்ளைகள் ஆர்வமாகச் சாப்பிடுவார்கள். உப்பு அதிகம் என்பதால் தினமும் வேண்டாம். முட்டை வெள்ளை சேர்த்த வகைகளும் உண்டு, உறையைப் படித்தே வாங்க வேண்டும். இந்தியாவில் பொட்டலத்தின் மேல் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்; மலேசியாவில் அப்படிக் கட்டாயக் குறி இல்லை. ஹலால் முத்திரையைச் சைவக் குறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, மாட்டு ஜெலட்டினும் மீன் ஜெலட்டினும் ஹலாலாக இருக்க முடியும். 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளின்படி மீன், பால், முட்டை போன்ற ஒவ்வாமைப் பொருள்கள் இருந்தால் உறையில் எழுத வேண்டும். அந்த வரிதான் இங்குள்ள சைவருக்குப் பெரிய துணை. பௌத்த சைவப் பண்டங்களில் பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது. தமிழ் நாக்குக்கு அவற்றை வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு சமையலும் நேருக்கு நேர் மோதும் நாள் தீபாவளிக்கு முந்தைய படையல். இறந்துபோன பெரியவர்களுக்குப் பிடித்ததைப் படைப்பது மலேசியத் தமிழர் வழக்கம்: ஆட்டுக்கறி, மீன், கோழி, சிலருக்குக் கள்ளும் சுருட்டும். அந்த வீட்டில் நிரந்தரச் சைவர் ஒருவர் இருந்தால் அவரே படையலைச் சமைக்க வேண்டி வருவது பெரிய சங்கடம். பல குடும்பங்கள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. சாதம், பருப்பு, பொரியல், வடை, பாயசம் எல்லாவற்றையும் சைவர் முதலில் முடித்து ஒரு தலைவாழை இலையில் தனியே எடுத்து வைத்துவிடுகிறார். கறி வகைகளை வேறொருவர், பெரும்பாலும் வீட்டு ஆண்களே, கொல்லையில் தனி அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள். கிடா விருந்துக்கு ஆண்கள் அண்டா ஏற்றுவது தோட்டத்தில் முன்பே உள்ள பழக்கம் என்பதால் இதில் யாருக்கும் கூச்சம் இல்லை. சைவராகவே வாழ்ந்து இறந்தவருக்குச் சைவ இலை, மற்றவருக்கு அவருக்குப் பிடித்தது என்று இரண்டு இலை போடுகிறார்கள்.

விசேஷ நாளில் ஆண்கள் எடுக்கும் கரண்டியைச் சாதாரண நாளிலும் எடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். மீன் வேண்டும் என்பவர் மீனைக் கழுவி, உப்பு மஞ்சள் தடவிப் பொரித்துக்கொள்ளலாம்; அது அரைமணி வேலை. பொதுச் சமையலை முடித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போன பெண்ணை அதற்காகத் திரும்ப அடுப்படிக்கு அழைக்க வேண்டியதில்லை. புதிதாகச் சைவத்துக்கு மாறிய பிள்ளைக்கும் இதே விதி: தன் தெம்பேயைத் தானே அரிந்து பொரிக்கப் பழக வேண்டும். பத்து வயதுக்கு மேல் எந்தப் பிள்ளையும் பருப்பு ஊறப்போடக் கற்றுக்கொள்ள முடியும். இரவில் ஊறவைத்த கொண்டைக்கடலையும் மொச்சையும் காலையில் பிரஷர் குக்கரில் இருபது நிமிடத்தில் வெந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வேகவைத்து, ஒரு வேளைக்கான அளவாகப் பிரித்து உறைபெட்டியில் வைத்தால் வாரம் முழுவதும் சைவருக்கான புரதம் தயாராக இருக்கும். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு வதக்கிய அடிப்படை மசாலாவையும் அப்படியே வைக்கலாம். வேலை முடிந்து வந்தபின் அதிலிருந்து ஒரு பங்கைக் காய்க்கும் ஒரு பங்கை மீனுக்கும் எடுத்தால், இரண்டு குழம்பும் முக்கால் மணி நேரத்தில் மேசைக்கு வந்துவிடும்.